பால் வெள்ளைத் தாள் கேட்ட வருஷம்

எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சலாம் சொல்வதற்கு முன்னால் வழுக்கி விழுந்துவிடலாம். வாசலெல்லாம் சீவிப் போட்ட கோரைத் தோல் பச்சைப் பசேல் என்று கிடக்கும். கால்வாய்த் தண்ணீரை இழுத்துக்கொண்டு வயல் முழுக்க நிற்கிறதே பாப்பிரஸ் கோரை, அதன் தோல். ஓர் ஆளின் மேல் இன்னொரு ஆளை ஏற்றி நிறுத்தினாலும் அதன் உச்சிக் குஞ்சம் எட்டாது. அதை வெட்டி, கட்டாகக் கட்டி, என் ஆட்டோவில் ஏற்றி வீடு வீடாக இறக்குவது என் பிழைப்பு. தூரத்தில் இருந்து பார்த்தால் ஆட்டோ தெரியாது. ஒரு புதர் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் போவது மாதிரி இருக்கும்.

அந்தக் கோரையை வீட்டில் வைத்துத்தான் தாள் ஆக்குகிறார்கள். அந்தக் காலத்து எகிப்து ராஜாக்களின் படம் வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற தாள். அதில் எங்கள் ஊரிலேயே பெரிய கை தௌலத் அக்கா. கை என்று சொன்னாலும் ஊருக்குத் தெரிந்தது அவள் மூக்குதான்.

அந்த மூக்கைப் பற்றி நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். குறைத்துத்தான் சொல்கிறேன். மூன்று தெரு தள்ளி ஒருத்தி பூண்டு தாளிக்கலாமா என்று யோசித்தாலே இங்கே அக்காவுக்குத் தும்மல் வரும். ஒருமுறை நான் அவள் வாசலில் கோரை இறக்கினேன். "ஷெஹாத்தா, பக்கத்து ஊர்ல போய் வாத்துக்கறி தின்னுட்டு வந்திருக்க. உன் பெண்டாட்டி வச்ச அவரைக் குழம்பு வீட்ல காத்துக் கிடக்கு. பாவம்டா அவ" என்றாள். வாத்து உண்மை. அவரையும் உண்மை. அன்றைக்கு வீட்டில் நான் பட்ட பாடும் உண்மை.

அவள் புருஷன் ஹிந்தாவி அண்ணன் இதற்கு நேர் எதிர். அவருக்கு மூக்கு முகத்துக்கு நடுவில் ஓர் அலங்காரம், அவ்வளவுதான். சின்ன வயசில் இருந்தே காஸ்டிக் சோடாத் தொட்டியிலும் குளோரின் தொட்டியிலும் குனிந்து குனிந்து, வாசனை என்பது அவருக்கு எப்போதோ செத்துப் போயிருந்தது. செத்த எலியையும் மல்லிகையையும் பக்கத்தில் வைத்தால் எதை வெளியே எறிவது என்று மனைவியைத்தான் கேட்பார்.

"என் மூக்கு ரெண்டு பேருக்கும் போதும். நீங்க உங்க மூக்கை வித்துட்டு ஒரு கழுதை வாங்குங்க" என்பாள் அக்கா.

"கழுதை எதுக்குடி? நான்தான் இருக்கேனே" என்பார் அண்ணன்.

வேலையை இருவரும் பங்கு போட்டிருந்தார்கள். அண்ணன் தண்டை வெட்டித் தோலைச் சீவுவார். ஜன்னல் கம்பியில் கட்டிய நைலான் நூலின் மறு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற வெள்ளைச் சோற்றை அந்த நூலில் கொடுத்து இழுப்பார். நாடா நாடாக விழும். வெண்ணெயைக் கத்தியில் அறுத்த மாதிரி. அதற்குப் பிறகு எல்லாம் அக்கா. காஸ்டிக் சோடாத் தண்ணீரில் நாடாவை ஊறப்போட்டு மெதுவாக்க வேண்டும். பிறகு குளோரினில் போட்டு வெளுக்க வேண்டும். பிறகு துணி விரித்து, நாடாக்களைக் குறுக்கே ஒரு அடுக்கு, நெடுக்கே ஒரு அடுக்கு, விளிம்பு விளிம்பைத் தொடுகிற மாதிரி பரப்பி, மேலே துணி மூடி, அட்டைக்கு நடுவே வைத்து இரும்புத் திருகு அழுத்தியில் இறுக்க வேண்டும். தண்ணீர் இறங்க இறங்கத் துணியையும் அட்டையையும் மாற்றவேண்டும். பசை கிடையாது, ஒன்றும் கிடையாது. கோரையின் சாறே கோரையை ஒட்டிக்கொள்ளும்.

இதில் மூக்குக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நாடா ஊறியது போதுமா என்று மற்றவர்கள் விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். அக்கா தொட்டிக்கு மேல் மூக்கை நீட்டுவாள். "ஆச்சு, எடுங்க" என்பாள். அழுத்தியில் இருக்கிற அடுக்கில் எங்காவது ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கப் பார்த்தால், கறுப்புப் புள்ளி வருவதற்கு முன்பே அவளுக்கு வாடை வந்துவிடும். அதனால்தான் அவள் தாளில் புள்ளி இருக்காது. வியாபாரியும் அவள் கட்டைப் பிரித்துப் பார்க்காமலே எடுத்துப் போவான்.

அந்த வருஷம் வியாபாரி புதிதாக ஒன்று கேட்டான். "இந்தப் பழுப்பு வேணாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போறாங்க. பால் மாதிரி வேணும்" என்றான்.

"பால் மாதிரி வேணும்னா எருமையைக் கட்டி அழுத்தியில வைக்கணும்" என்றார் அண்ணன்.

அக்கா ஒப்புக்கொண்டாள். அவளால் முடியாதது என்று ஒன்று இருப்பதாக யாராவது சொல்லிவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. குளோரினை இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று ஏற்றினாள். அது மணல் காற்று அடிக்கிற வசந்த காலம் வேறு. வானம் மஞ்சளாகி, வாய் திறந்தால் பல்லில் மண் கடிபடும். ஈரத் தாளில் ஒரு மணல் விழுந்தால் போதும், அது தாள் இல்லை, உப்புக் காகிதம். அதனால் கதவு, ஜன்னல், ஜன்னல் இடுக்கு எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து வேலை செய்தாள். நான் ஒருநாள் கோரையைக் கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன். கண்ணில் இருந்து கொட்டிய தண்ணீரில் என் பெண்டாட்டி துணி துவைத்திருக்கலாம்.

"அக்கா, உள்ள பிசாசு கூட இருக்காது. நீங்க எப்படி இருக்கீங்க?"

"பிசாசுக்குத் தாள் செய்யத் தெரியாதுடா. வச்சிட்டுப் போ" என்றாள். இருமிக்கொண்டேதான் சொன்னாள்.

தாள் பால் மாதிரியே வந்தது. சந்திரனே வந்து பக்கத்தில் நின்றால் அழுக்காகத் தெரிவான். வியாபாரிக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் தீரும் முன்பே ஒரு காலை அக்கா அடுப்பில் காப்பிப் பொடியைக் கொதிக்க விட்டுக் குனிந்தாள். ஒன்றும் வரவில்லை. வெங்காயத்தை நறுக்கி முகர்ந்தாள். கண் எரிந்தது, வாசனை இல்லை. ஆட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றாள். அங்கேயும் சுத்தமான காற்று. இதை அவளே எனக்குச் சொன்னது, எல்லாம் முடிந்த பிறகு.

சளி என்று நினைத்துக் காத்திருந்தாள். சளி போயிற்று, மூக்கு வரவில்லை. அடுத்ததாக அழுத்தியில் இருந்த ஒரு கட்டு முழுக்கக் கறுப்புப் புள்ளி பிடித்தது. அவளுக்கு வாழ்நாளில் முதல் தடவை.

"என்னடி இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்றார் அண்ணன்.

"துணி சரியாக் காயல. நீங்க காயப்போட்ட லட்சணம்" என்று அவர் தலையிலேயே போட்டாள்.

சொல்லியிருக்கலாம். அண்ணன் சிரித்துவிட்டு, "வாடி, நம்ம கட்சியில சேந்துக்க" என்றிருப்பார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அஸீஸா இருந்தாள். அண்ணனுக்கு மூத்த அக்கா, விதவை, நாக்கு மட்டும் கல்யாணப் பெண் மாதிரி எப்போதும் ஜோடித்துக்கொண்டு இருக்கும். முப்பது வருஷமாக அவளுக்கும் தௌலத் அக்காவுக்கும் சண்டை. எதற்கு ஆரம்பித்தது என்று இருவருக்கும் மறந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. அஸீஸா சமைத்ததை எல்லாம் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தே முகர்ந்து, "அண்ணி, உப்பு கூடிப்போச்சு, சட்டி அடிப்பிடிச்சுப்போச்சு" என்று அக்கா குரல் கொடுப்பாள். இப்போது அந்த மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் அஸீஸா மசூதி மேல் ஏறி ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பாள். வியாபாரி இனிமேல் கட்டைப் பிரித்துப் பார்ப்பான். அதைவிட, எதிரில் தென்றல் முகரும் திருநாள் இருந்தது.

வசந்தத்தில் எங்கள் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு கால்வாய்க் கரையில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பேதம் கிடையாது. வெங்காயத்தாளும், சாயம் தோய்த்த முட்டையும், எல்லாவற்றுக்கும் மேலாக உப்பில் ஊறிய மடவை மீனும். அந்த மீனைச் சமைக்க மாட்டோம். மாசக்கணக்கில் உப்பில் கிடந்ததை அப்படியே உரித்து எலுமிச்சை பிழிந்து தின்போம். நன்றாக ஊறியதே நாறும். கெட்டது வேறு மாதிரி நாறும். அந்த இரண்டு நாற்றத்துக்கும் நடுவே ஒரு மயிரிழைதான். அந்தப் பக்கம் போனவனைத் தோளில் தூக்கி வரவேண்டியதுதான். ஒவ்வொரு வருஷமும் நாட்டில் எங்காவது சில பேர் போய்ச் சேருவார்கள். எங்கள் தெருவில் யாரும் போனது இல்லை, ஏனென்றால் எங்கள் தெருவுக்கு மீன் பொறுக்குவது அக்கா.

சந்தையில் ஷலபி என்ற மீன்காரன் தகரப் பீப்பாயைத் திறந்து வைத்திருந்தான். என் ஆட்டோவில்தான் அக்காவையும் தெருப் பெண்களையும் கூட்டிப்போனேன். அஸீஸா வரவில்லை. "அவ மூக்குல முகர்ந்ததை நான் திங்கணுமா? ஆனா எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள். எங்கள் ஊர்க் கோபம் இப்படித்தான், சாப்பாட்டை விடாது.

"வாங்க, டாக்டரம்மா வந்துட்டாங்க! என் பீப்பாய்க்கு இன்னைக்கு பரீட்சை" என்றான் ஷலபி.

"போன வருஷம் உன் பீப்பாயில பாதியைத் திருப்பி அனுப்பினேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. என் பெண்டாட்டி அதுக்கப்புறம் உங்க பேரைச் சொல்லித்தான் என்னைத் திட்டறா."

பெண்கள் சுற்றி நின்றார்கள். அக்கா ஒரு மீனை எடுத்து வயிற்றருகே மூக்கை வைத்தாள். கண்ணை மூடினாள். எப்போதும் செய்கிற மாதிரியே. உள்ளே ஒன்றும் வரவில்லை. வெறும் குளிர்ந்த உப்பு, மூக்கு நுனியில். அப்போதுகூட, "எனக்குச் சளி, நீங்களே பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. வாய்வரை வந்ததாம். ஆனால் ஷலபி, "என்னம்மா, மூக்கு மங்கிடுச்சா?" என்று விளையாட்டுக்குக் கேட்டுவிட்டான். பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். உலகத்தில் நடக்கவே நடக்காத ஒன்றைக் கேட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"உன் கண்ணு மங்காம பாத்துக்க. தராசைப் பாக்கத் தேவைப்படும்" என்றாள் அக்கா.

பிறகு கண்ணை வைத்துப் பொறுக்கினாள். தோல் கிழியாதது, வயிறு ஊதாதது, பளபளப்பானது. மீனை எடுக்கும்போது ஷலபியின் முகத்தைப் பார்த்தாள். அவன் முகம் சுருங்கினால் அது நல்ல மீன், கொடுக்க மனசில்லை என்று ஒரு கணக்கு. நான் எட்ட நின்று, என்ன ஒரு கம்பீரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஷலபிக்குப் பல்வலி என்பது யாருக்குத் தெரியும்?

நிறைய மீன் நல்லதாகவே இருந்தது. தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கெட்டது வந்திருந்தாலும் வீட்டில் பிரித்ததும் அவரவர் மூக்கு சொல்லியிருக்கும். சொல்ல மூக்கே இல்லாத வீடு ஊரில் ஒன்றுதான் இருந்தது.

அஸீஸாவின் மீன் கெட்டதுதான். பிரித்தாள், ஒரே வீச்சம். அவளுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? தௌலத் தவறிவிட்டாள் என்று தோன்றுமா? தோன்றாது. சூரியன் மேற்கே உதித்தது என்றால் நம்புவாள், அந்த மூக்கு தவறியது என்றால் நம்ப மாட்டாள். "வேணும்னே குடுத்திருக்கா! நல்லதெல்லாம் தெருவுக்கு, அழுகினது எனக்கு!" என்று மீனைக் கால்வாயில் வீசிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். திருநாளுக்கு வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. திருநாள் முடியட்டும், ஊர் கூடட்டும், எல்லார் முன்னாலும் கேட்கலாம் என்று வார்த்தைகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள்.

கரையில் அன்றைக்குக் கூட்டமான கூட்டம். ஹிந்தாவி அண்ணன் கோரை வயல் ஓரமாகத் துணி விரித்து உட்கார்ந்து மீனை உரித்தார். அவருக்கு வாசனை இல்லாததால் ருசியும் இல்லை. நாக்குக்குத் தெரிந்தது உப்பும் புளிப்பும்தான். அதனால் வருஷத்திலேயே அவருக்குப் பிடித்த சாப்பாடு இதுதான். கடல் முழுக்க இருக்கிற உப்பு அந்த மீனில் இருக்கும்.

"நீ தின்னலியாடி?"

"எனக்கு வேணாம். நீங்க தின்னுங்க" என்றாள் அக்கா. அவளுக்கு இப்போதெல்லாம் எதைத் தின்றாலும் அழுத்தி அட்டையைத் தின்கிற மாதிரி இருந்தது. வெங்காயத்தாளையும் ரொட்டியையும் கடித்துக்கொண்டு அவர் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம மீன்ல அஸீஸா வந்தா குடுக்கன்னு வச்ச பங்கும் எனக்குத்தான். அவ வரல இல்ல? கோவிச்சுக்கிட்டா மீன் எனக்கு" என்று வீட்டுக்கென்று வாங்கிய எல்லாவற்றையும் அவரே முடித்தார். தாடியெல்லாம் எலுமிச்சைச் சாறு. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, முள்ளையாவது பூனைக்கு விடுங்க" என்றேன். "பூனை வேலை செய்யுதா? நான் செய்யறேன்" என்றார். அதுதான் அவரோடு நான் சிரித்த கடைசி முழுச் சிரிப்பு.

மறுநாள் மத்தியானம் நான் கோரை இறக்கப் போனேன். அண்ணன் ஜன்னலருகே நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடா கோணல் மாணலாக விழுந்திருந்தது.

"ஷெஹாத்தா, ஏன்டா ரெண்டு ஆட்டோ வாங்கிட்ட?"

"ஒண்ணுக்கே பெட்ரோல் இல்லண்ணே."

"ரெண்டு தெரியுது. உள்ள வந்து பாரு, தௌலத்தும் ரெண்டா இருக்கா. ஒருத்தியையே தாங்க முடியல, அல்லா இன்னொருத்தியை அனுப்பிட்டான்."

சிரித்தோம். நான் சிரித்தேன், அக்காவும் சிரித்தாள். அவர் கண் இமை மட்டும் சிரிக்காமல் பாதி மூடிக் கிடந்தது. வாய் காய்ந்துபோய் நாக்கு ஒட்டியது.

"குளோரின் ஏறிடுச்சு. நேத்து லீவுன்னு இன்னைக்குத் தொட்டியை மொத்தமாத் திறந்தேன் இல்ல" என்றாள் அக்கா. எங்கள் ஊரில் கண் சிவந்தால், கண் எரிந்தால், கண் மங்கினால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் தொட்டி. ஆறின தேயிலைத் தண்ணீரில் துணி நனைத்துக் கண்ணில் வைத்தாள். கதவைத் திறந்து காற்றில் உட்கார வைத்தாள். தொட்டிக்காரர் வீட்டில் யாரும் இதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். போனால் ஊரே தினமும் போகவேண்டியதுதான்.

மறுநாள் காலையில் அவருக்குத் தண்ணீர் இறங்கவில்லை. குடித்தது மூக்கு வழியே வந்தது. பேச்சு குழறியது. தலை நிமிர்த்த முடியவில்லை. அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டேன். கோரைக் கட்டு இன்னும் கனமாக இருந்திருக்கும். தெருவே பின்னால் ஓடி வந்தது. அதில் அஸீஸாவும் இருந்தாள், செருப்பு இல்லாமல்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். இமையைத் தூக்கிப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார். திருநாள் முடிந்த வாரம் என்பதால் முதல் கேள்வியே அதுதான்.

"ஊறல் மீன் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார். ஆனா மீன் சுத்தம் டாக்டர்!" தெரு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதோ இவங்க பொறுக்கின மீன்! இவங்க மூக்கு மாதிரி எகிப்து முழுக்கக் கிடையாது. நாங்க எல்லாரும் அதே பீப்பாய்தான் தின்னோம். எங்களைப் பாருங்க, மாடு மாதிரி நிக்கறோம்!"

நானும் சேர்ந்துதான் கத்தினேன். டாக்டர் தயங்கினார். அப்புறம் யாரோ குளோரின் தொட்டி, காஸ்டிக் சோடா, அடைத்த ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னார்கள். டாக்டருக்கு அது பொருத்தமாகப் பட்டது. "புகை ஏறியிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஆக்ஸிஜன் மாஸ்க் எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

அக்கா அவர் கோட்டைப் பிடித்தாள்.

"ஐயா. மீனை நான் முகரல."

"என்னம்மா?"

"முகர்ந்தேன். ஆனா என் மூக்கு செத்துப்போச்சு. குளோரின்ல. மணல் காத்து அடிச்சப்பவே போயிடுச்சு. யாருக்கும் சொல்லல. சும்மா முகர்ற மாதிரி நடிச்சேன்."

யாரும் நம்பவில்லை. "பாவம், புருஷன் கிடக்கற துக்கத்துல உளறுது" என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி அவள் தலையைத் தடவி, "உன் மூக்கா? ரம்ஜான்ல எங்க வீட்டு எண்ணெய் காறிப்போச்சுன்னு சொன்ன மூக்கா?" என்றாள். டாக்டர் யாரை நம்புவது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது நர்ஸ் ஒருத்தி பக்கத்துக் கட்டில் கிழவரின் மலப் பாத்திரத்தை மூடி எடுத்துப் போனாள். டாக்டர் அவளை நிறுத்தினார். அக்காவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து அவள் முகத்துக்கு அடியில் பிடிக்கச் சொன்னார். நாங்கள் எல்லாரும் சுவர்வரை பின்வாங்கினோம். எனக்கு அந்த நாற்றம் சட்டையில் மூன்று நாள் இருந்தது.

"என்னம்மா இது?"

அக்கா நன்றாக மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று பரீட்சைப் பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

"சூடா இருக்கு... சூப்பா?"

அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் இருந்து அஸீஸா மெல்ல வந்தாள். முப்பது வருஷத்தில் அவள் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"தௌலத்து. எனக்குக் குடுத்த மீனு அழுகிக் கிடந்துச்சு."

"அண்ணி?"

"நீ வேணும்னே குடுத்தன்னு நினைச்சேன். கால்வாய்ல எறிஞ்சேன். இன்னைக்கு வந்து உன்னைக் கிழிக்கலாம்னு இருந்தேன்."

"அன்னைக்கே வந்து கிழிச்சிருக்கலாமே அண்ணி!" என்றாள் அக்கா. "அவர் வாயில வைக்கறதுக்கு முன்னாடி வந்து கிழிச்சிருக்கலாமே!"

டாக்டர் ஓட ஆரம்பித்துவிட்டார். கெட்ட மீனின் விஷத்துக்கு முறிவு மருந்து அங்கே இல்லை, கெய்ரோவில்தான் இருந்தது. போன் மேல் போன் போட்டு, ஆம்புலன்ஸ் பிடித்து அனுப்பினார்கள். அக்கா உள்ளே ஏறி அண்ணன் இமையைத் தன் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் இந்த விஷத்தின் கொடுமை. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், ஒரு சுண்டு விரலைக்கூட அசைக்க முடியாது. வழி முழுக்க அவள் சொல்லிக்கொண்டே போனாளாம், "எனக்கு மூக்கு இல்லங்க, எனக்கு மூக்கு இல்லங்க" என்று. அவர் கேட்டுக்கொண்டே போனார்.

மருந்து போட்டார்கள். அது இனிமேல் ஏறுகிற விஷத்தைத்தான் நிறுத்துமாம், ஏறினதை இறக்காதாம். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். சில நாள் மெஷின் மூச்சு விட்டது, அவர் படுத்திருந்தார். பிறகு நெஞ்சில் சளி கட்டி ஒரு விடியற்காலையில் போய்விட்டார். அன்றைக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தோம். அவ்வளவு லேசான ஆளை நான் சுமந்ததில்லை. எப்போதும் கூட்டிச் சொல்கிறவன் நான், இதில் கூட்டவில்லை.

துக்கத்துக்கு வந்த பெண்கள் அக்காவிடம் ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. அவளும் அழவில்லை. இரண்டு மாசம் அழுத்தி மூடிக் கிடந்தது. அப்புறம் வயிறு என்று ஒன்று இருக்கிறதே, மறுபடி கோரை இறக்கச் சொன்னாள். நூலை அவளே பல்லில் கடித்துக்கொண்டாள். வெள்ளைத் தாள் செய்ய மாட்டேன் என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டாள். அவன் பழுப்புத் தாள்தான் எடுக்கிறான், ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து.

அஸீஸா அவளோடு பேசுவதில்லை. அடக்கம் செய்த நாளில் இருந்து ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் தினமும் மத்தியானத்தில், அக்கா சமைத்து இறக்குகிற நேரத்தில், பக்கத்து வாசல் திறக்கும். அஸீஸா உள்ளே வருவாள். அக்காவைப் பார்க்க மாட்டாள். நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் தூக்கி முகர்வாள். நேற்றைய குழம்பு, பாலாடை, எண்ணெய்க் குடுவை என்று ஒவ்வொன்றாக. காஸ் சிலிண்டர் பக்கமும் குனிந்து ஒரு தடவை. சரியாக இருந்தால் மூடிவிட்டுப் போவாள். கெட்டிருந்தால் எடுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் கொட்டுவாள். கழுவின சட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பாள். அக்கா கோரையைப் பரப்பிக்கொண்டே இருப்பாள். அவள் போகிறவரை சாப்பிட உட்கார மாட்டாள்.

ஒருநாள் நான் வாசலில் கட்டு இறக்கிக்கொண்டிருந்தேன். அஸீஸா வெளியே வந்தாள். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன்க்கா, தினம் வர்றீங்க. ஒரு வார்த்தை பேசினா உங்க நாக்கு என்ன தேய்ஞ்சா போயிடும்?"

"எனக்கு அங்க மூக்குக்குத்தான் வேலை. வாய்க்கு இல்ல" என்றாள். பிறகு என் தோள் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து சுருக்கினாள். "நீ போய்க் குளிடா முதல்ல."

தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வீட்டுக்குள் அக்கா சட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, ரொட்டியைப் பிட்டு, சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.